நானும் ஒரு வெல்டர்தான்!

இந்தப் பகுதியில் தையல், ஊறுகாய், டியூஷன் என்று சகோதரிகள் பலர் தங்கள் கைத்தொழிலைப் பற்றி எழுதுவதை விடாமல் படிப்பவள் நான். நம்ம தொழிலைப் பற்றி மட்டும் யாரும் எழுதலையே என்று ஒரு குறை. நான் ஒரு வெல்டர். தெருவில் போகும்போது, "அதைப் பார்க்காதே, கண்ணு போயிடும்" என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போவோமே, அந்த வேலைதான்!

திருச்சி பக்கத்தில் துவாக்குடியில் இருக்கிறோம். 1960-களில் இங்கே பெல் பாய்லர் தொழிற்சாலை வந்த பிறகு, சுற்று வட்டாரத்தில் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் நிறைய முளைத்தன. என் வீட்டுக்காரர் அப்படி ஒரு பட்டறையில் ஃபிட்டர். 2010-ல் பைக் விபத்தில் இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார். பெரியவன் நாலாவது, சின்னவள் பால்வாடி. வேறு வழியில்லாமல் ஒரு பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தேன். கூட்டுவது, பெயின்ட் அடிப்பது, வெல்டிங் மேல் படிந்த கசடைச் சுத்தியலால் தட்டி எடுப்பது, இவ்வளவுதான் வேலை. தினம் 150 ரூபாய்.

கசடைத் தட்டித் தட்டியே எது நல்ல வெல்டிங், எது மோசம் என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் கழிவுத் தகட்டில் பழக ஆரம்பித்தேன். முதல் வாரம் ராடு போய்த் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிடுங்கினால் வராது. முறுக்கு பிழிகிற நமக்கு இது புரியும். கை நின்றால் ஒரே இடத்தில் குவியும், அவசரப்பட்டால் மெலிந்து அறுந்துபோகும். ஒரே நிதானத்தில் போக வேண்டும். ராடு உருக உருகக் குட்டையாகும் என்பதால், கையை முன்னே நகர்த்திக்கொண்டே கீழேயும் இறக்க வேண்டும். இதுதான் பழக நாளாகும்.

ஆறு மாதத்தில் கேட், கிரில், ஸ்டாண்டு எல்லாம் நானே அடித்தேன். கூலி மட்டும் அதே ஹெல்பர் கூலி! பக்கத்தில் அதே வேலை செய்த தம்பிக்கு 350 ரூபாய். ஒருநாள் கான்ட்ராக்டரிடம் கேட்டேவிட்டேன்.

"அண்ணே, நான் அடிக்கிறது வெல்டிங் இல்லையா?"

"பொம்பளைக்கு வெல்டர் கூலி குடுத்தா மத்தவன் என்னம்மா சொல்லுவான்?"

"டெஸ்ட் வையுங்க. தேறலேன்னா ஹெல்பராவே இருந்துக்கறேன்."

வைத்தார். இரண்டு தகடுகளை நிற்க வைத்து, கீழிருந்து மேலே அடிக்க வேண்டும். உருகிய இரும்பு வழியப் பார்க்கும், வழிய விடக்கூடாது. அடித்து முடித்ததும் அதிலிருந்து பட்டையாக வெட்டி, பிரஸ்ஸில் 'ப' மாதிரி வளைத்தார்கள். விரிசல் விட்டால் தோல்வி. என்னுடையது விடவில்லை. அப்படியும் அவர் 300 ரூபாய்தான் கொடுத்தார். மூன்று மாதம் பொறுத்தேன், பிறகு முழுக் கூலி தருகிற வேறு பட்டறைக்குப் போய்விட்டேன். ஒரு தடவை தேறிவிட்டால் தைரியமாகக் கேட்கலாம், தோழிகளே.

வீட்டில் மாமியாருக்கு என் பேன்ட்டும் முழுக்கைச் சட்டையும் பெரிய வருத்தம். நைலான், பாலியஸ்டர் துணியில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், காட்டன்தான் போட வேண்டும். வளையல், மோதிரம் கூடாது. "தாலிச் சங்கிலியையும் கழட்டணுமாமே?" என்று அழுதார். சங்கிலி ஏற்கெனவே அடகுக் கடையில் இருந்தது, எனக்கு மஞ்சள் கயிறே போதுமாக இருந்தது!

கண் விஷயத்தில் விளையாடக் கூடாது. கருப்புக் கண்ணாடி போட்ட முகக் கவசம் இல்லாமல் ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது. பட்ட உடனே வலிக்காது. ராத்திரி தூங்கப் போகும்போது கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல எரியும். தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வை என்பார்கள். நான் கேட்க மாட்டேன், நேரே கண் டாக்டர்தான். மழை நாளில், வேர்வையில் நனைந்த கையுறையோடு ராடைத் தொட்டால் ஷாக் அடிக்கும். புகையும் லேசுப்பட்டதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2017-ல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் முதல் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மூடிய அறையில் அடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த வேலைக்குப் போகவே வேண்டாம்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது கழிப்பறைதான். பெண்களுக்குத் தனியாக இல்லாத பட்டறைகள் எத்தனையோ! வெக்கையில் நின்றுகொண்டு தண்ணீர் குடிக்கப் பயந்து, நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு அலைந்திருக்கிறேன். இப்போதெல்லாம் வேலைக்குக் கூப்பிட்டால், கூலிக்கு முன்னால் அதைத்தான் கேட்கிறேன்.

என்னைப் போல் சுற்றி வளைத்து வர வேண்டியதில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு ஒரே வருடம், எட்டாவது தேறியிருந்தால் போதும். என் அக்கா மகள் 2023-ல் சேர்ந்தாள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழுந்தது. "கருத்துப் போயிடுவா, எவன் கட்டிப்பான்?" என்று அக்கா குதித்தாள். உண்மைதான், அந்த வெளிச்சம் தோலைக் கருக்கும். கழுத்தையும் கையையும் நன்றாக மூடிக்கொண்டால் சரியாகப் போச்சு.

பாய்லர் குழாய் வேலைக்குத்தான் கூலி அதிகம். ஆனால் இந்திய பாய்லர் விதிகள்படி தனியாகத் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும். குழாயை 45 டிகிரி சாய்த்து வைத்து, அதைத் திருப்பாமல் நாம்தான் குனிந்தும் மல்லாந்தும் சுற்றி அடிக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், ஊசி முனை அளவு துளையும் அதில் தெரிந்துவிடும். வருகிற மாதம் நானும் அவளும் அந்த டெஸ்டுக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டுக் குழாய் வாங்கிவந்து பழகுகிறோம். அவள் கை என் கையைவிட நிதானம்.

- ஒரு வாசகி, துவாக்குடி.