மெல்ல ஏறுக: உயர்மலைப் பயணத்துக்கு உடலைப் பழக்குதல்

சென்ற ஆண்டு என் புறநோயாளர் பிரிவுக்கு ஒரு தந்தையும் மகளும் வந்தனர். இருவரும் தான்சானியாவிலுள்ள கிளிமஞ்சாரோ மலைக்குச் செல்லவிருந்தனர். தந்தைக்கு வயது 58. இரத்த அழுத்தம் மாத்திரையால் கட்டுக்குள் இருந்தது. "தினமும் காலையில் ஆறு கிலோமீட்டர் நடக்கிறேன் டாக்டர். எனக்கென்ன வரப்போகிறது?" என்று சிரித்தார். மகள் நீட்டிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். ஏறி இறங்க மொத்தம் ஐந்தே நாட்கள். அதுவே எனக்குக் கவலையளித்தது.

மலையில் குறைவது எது?

மலையுச்சியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தமே. 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவின் உச்சியில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வாறே குறையும்.

இதை ஈடுகட்ட உடல் முதலில் மூச்சின் வேகத்தையும் ஆழத்தையும் கூட்டுகிறது. அதனால் கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை உயர்கிறது. சிறுநீரகங்கள் அதைச் சரிசெய்யச் சில நாட்கள் ஆகும். சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரங்கள் தேவை. நாள்தோறும் நடப்பது கால்களுக்கு வலிமை தரும். ஆனால் மலைநோயிலிருந்து காக்காது. உடல்வலிமை மிக்கவர் விரைந்து ஏறிவிடுவதால் அவரே பாதிக்கப்படுவதும் உண்டு.

எவ்வாறு ஏறுவது?

3,000 மீட்டருக்கு மேல், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவது நல்லது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் மேலும் ஓர் இரவு தங்க வேண்டும். பகலில் சற்று உயர ஏறி, இரவில் கீழிறங்கி உறங்குவது உடலைப் பழக்கும். மதுவையும் தூக்க மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும்.

இவர்கள் தேர்ந்த மராங்கு வழியில் மண்டாரா, ஹொரொம்போ, கிபோ ஆகிய தங்குமிடங்கள் முறையே சுமார் 2,700, 3,700, 4,700 மீட்டர் உயரத்தில் உள்ளன. ஒவ்வொரு நாளும் ஆயிரம் மீட்டர்! ஹொரொம்போவில் ஒரு நாளேனும் கூடுதலாகத் தங்குமாறு கூறினேன். அதுவும் முழுப் பாதுகாப்பு ஆகாது என்பதையும் சொன்னேன். ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து உட்கொள்ள அசெட்டசோலமைடு மாத்திரையும் எழுதித் தந்தேன். இது மூச்சைத் தூண்டி, உடல் பழகுவதை விரைவுபடுத்தும். சல்ஃபா ஒவ்வாமையோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் முன்னரே தெரிவிக்க வேண்டும். தாமாக வாங்கி உண்ணலாகாது. இதய நோய், நாட்பட்ட நுரையீரல் நோய், நீரிழிவு உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் பயணச்சீட்டு வாங்கும் முன்பே மருத்துவரைக் காண வேண்டும்.

உடன்செல்வோர் கவனத்துக்கு

தலைவலியுடன் குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் அது மலைநோய் என்றே கொள்ள வேண்டும். அது தீரும்வரை மேலே ஏறலாகாது; கூடினால் இறங்க வேண்டும். நடை தள்ளாடுவதும் பேச்சிலோ நினைவிலோ குழப்பம் தோன்றுவதும் மூளை வீக்கத்தின் அறிகுறிகள். ஓய்விலும் மூச்சுத் திணறுவதும் விடாத இருமலும் நுரையீரலில் நீர் கோத்திருப்பதைக் காட்டும். இவை இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடியவை. இரவென்றும் பாராமல் உடனே இறங்க வேண்டும். ஆக்சிஜனும் மருந்துகளும் இறங்குவதற்குத் துணையே, மாற்று அல்ல.

பாதிக்கப்பட்டவர் தம் நிலையைத் தாமே அறியமாட்டார், அறிந்தாலும் மறைப்பார். ஆகவே மகளுக்கு ஓர் எளிய சோதனையைக் கற்பித்தேன்: ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியை ஒட்டி வைத்து, நேர்கோட்டில் நடக்கச் செய்வது.

இரு மாதங்கள் கழித்து இருவரும் வந்தனர். நடந்ததை அவர்கள் இசைவுடன் எழுதுகிறேன். கிபோவில், உச்சிக்குப் புறப்பட வேண்டிய இரவில், தந்தை உணவைத் தொடவில்லை. "ஒன்றுமில்லை, களைப்புதான்" என்றார். மகள் அவரை நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாம் அடியில் அவர் சாய்ந்தார். வழிகாட்டிகள் ஆக்சிஜன் அளித்து, அவ்விரவே இருவரையும் கீழே அழைத்துச் சென்றனர். ஹொரொம்போவை அடைந்தபோது தந்தையின் பேச்சு தெளிந்திருந்தது.

"என்னால் இவளும் உச்சியைப் பார்க்கவில்லை டாக்டர்" என்று அவர் வருந்தினார். "மலை அங்கேயேதான் இருக்கும் அப்பா" என்றார் மகள். அடுத்த முறை எத்தனை நாட்கள் ஒதுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டவரும் அவர்தான்.