பக்கவாத நோயாளிக்குப் பேச்சுப் பயிற்சியாளர் எதற்கு?

"பேச்சுப் பயிற்சியாளர் என்றால் திக்குவாய்ப் பிள்ளைகளுக்கும் காது கேளாத குழந்தைகளுக்கும்தானே?" என்று பலரும் கேட்கிறார்கள். அந்த வேலையும் அவருடையதுதான். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிகளில் அவரை அடிக்கடி கூப்பிட்டனுப்பும் இடம் பக்கவாத நோயாளியின் கட்டில். அங்கே பேச்சுக்கும் முன்னால் அவர் கவனிப்பது, நோயாளியால் விழுங்க முடிகிறதா என்பதை.

உணவு போகும் பாதையும் மூச்சுப் போகும் பாதையும் தொண்டையில் குறுக்கிடுகின்றன. ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் குரல்வளை மேலே எழும்புகிறது. மூச்சு ஒரு கணம் நிற்கிறது. மூச்சுக்குழலின் வாய் மூடிக்கொள்கிறது. கழுத்தில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள், ஏறி இறங்குவது தெரியும். பேசுவதற்கு உதவும் அதே உதடும் நாக்கும் குரல்வளையும்தான் இதற்கும் வேண்டும். ஆகவேதான் இரண்டு வேலையும் ஒருவர் கைக்கே வந்து சேர்ந்தன.

பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் சில நாட்களில் இது ஒழுங்காக நடப்பதில்லை. கஞ்சியோ தண்ணீரோ மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் நுரையீரலில் நிமோனியா காய்ச்சல் வரலாம். பக்கவாதத்திலிருந்து தப்பியவர் இதனால் இறந்துபோவதும் உண்டு.

வீட்டாருக்கோ மனசு கேட்பதில்லை. "காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. ஒரு வாய் காப்பி குடுத்தாத்தான் தெம்பு வரும்" என்று, நர்சம்மா அந்தப் பக்கம் திரும்பியதும், படுத்திருப்பவர் வாயில் டம்ளரைச் சாய்த்து விடுகிறார்கள். பாசத்தினால் செய்வதுதான், ஆனால் ஆபத்து. "புரையேறலியே, நல்லாத்தானே குடிச்சாரு?" என்பதையும் நம்பக் கூடாது. தொண்டையில் உணர்ச்சி மரத்துப்போனவருக்கு இருமலே வராமல் உள்ளே இறங்கிவிடும். ஆகையால் வாய் கோணி, கை கால் விழுந்து, பேச்சுக் குழறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். விழுங்கும் திறனைச் சோதித்துச் சொல்லும்வரை சோடா, காப்பி, மாத்திரை எதையும் வாயில் போடாதீர்கள்.

சோதனை பார்ப்பதற்குச் சாதாரணமாகத்தான் தெரியும். நோயாளி நன்றாக விழித்திருக்கும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு சிறு கரண்டி தண்ணீர் கொடுப்பார். குரல்வளை எழும்புகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பார். பிறகு 'ஆ' என்று சொல்லச் சொல்வார். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளவென்று இருந்தால் எச்சரிக்கை. சந்தேகம் இருந்தால், பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்ப்பார்கள். அல்லது மூக்கு வழியே மெல்லிய கருவியை விட்டுத் தொண்டையைப் பார்ப்பார்கள். வாயால் கொடுக்க முடியாதென்றால் மூக்குக் குழாய் போடுவார்கள். பலருக்கு அது சில நாட்களுக்கோ வாரங்களுக்கோதான். குழாயைக் கண்டதும் "அவ்வளவுதான், முடிஞ்சது" என்று அழ வேண்டாம்.

விழுங்குவதற்கு எளிது தண்ணீர் என்றுதான் நாம் நினைக்கிறோம். இத்தகைய நோயாளிக்குப் பெரும்பாலும் அதுதான் கடினம். தொண்டை தயாராகும் முன்பே ஓடி இறங்கிவிடுகிறது. கெட்டியான கூழ் மெதுவாக நகரும். யாருக்கு எந்தப் பதம் என்பதைச் சோதித்தவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டிலுக்குச் சொன்னதை நம் நோயாளிக்குச் செய்யலாகாது. நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு கரண்டியாக, ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய். சாப்பிட்டு முடித்ததும் அரை மணி நேரம் படுக்கவிடக் கூடாது. வாயைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். அழுக்கு வாயின் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகும்.

இனிப் பேச்சு. பெரும்பாலோருக்கு மொழியைக் கையாளும் பகுதி மூளையின் இடப் பக்கத்தில் இருக்கிறது. 1861-ல் பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்ற மருத்துவர், 'டான்' என்ற ஒரே ஒலியைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாதிருந்த ஒருவரின் மூளையை, அவர் இறந்தபின் ஆராய்ந்தார். இடது முன்பகுதி கெட்டிருந்தது. வலது கை கால் விழுந்தவர்களுக்குப் பேச்சும் போவது இதனால்தான்.

இதிலும் பல வகை உண்டு. சிலருக்கு வார்த்தை தெரியும், நாக்குத்தான் குழறும். சிலருக்கு நாக்கு நன்றாயிருக்கும், வார்த்தை அகப்படாது. சொம்பைக் காட்டி 'செருப்பு' என்பார்கள். சிலர் சரளமாகப் பேசுவார்கள், பொருள் இருக்காது. நாம் சொல்வதும் அவர்களுக்குப் பிடிபடாது. இவர்களைத்தான் "தாத்தாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று வீட்டில் ஒதுக்கிவிடுகிறார்கள். புத்தி அப்படியேதான் இருக்கிறது. ஒரு வார்த்தை வராதவர் பழகிய பாட்டை முழுதாகப் பாடுவதும், ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டே போவதும் உண்டு. பயிற்சியாளர் சிலருக்கு அந்த நூலைப் பிடித்துக்கொண்டு தொடங்குவார்.

வீட்டில் அவரிடம் கத்திப் பேசாதீர்கள், காது கேட்காமலில்லை. டி.வி.யை நிறுத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து, சின்னச் சின்ன வாக்கியமாகக் கேளுங்கள். "என்ன வேணும்?" என்பதைவிட "மோர் வேணுமா?" என்றால் தலையசைக்கலாம். பதில் வரும்வரை பொறுங்கள். நாமே முந்திக்கொண்டு சொல்லி முடித்தால் அவருக்கு முயற்சியே விட்டுப்போகும். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாயிருக்கும். அதன் பிறகும் மெதுவாக, வருடக்கணக்கில்கூட, வரலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பெரும்பாலும் காது மூக்கு தொண்டைப் பிரிவை ஒட்டியே இவருடைய அறை இருக்கும். பிள்ளைகளுக்கு 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய திட்டத்தின் கீழ் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் உண்டு. தாலுகா ஆஸ்பத்திரியில் இவர் இல்லையென்றால் டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போகலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும் முன், எந்தப் பதத்தில், எவ்வளவு, எப்படி உட்காரவைத்துக் கொடுப்பது என்பதை அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது வீட்டில் சமைப்பவரும் ஊட்டுபவரும் கூட இருக்கட்டும். ஒரு வேளை அவர் எதிரிலேயே ஊட்டிக் காட்டிவிட்டுப் புறப்படலாம்.