வலி ஒன்று, வைத்தியம் இரண்டு

கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் இடுப்பு வலிக்கிறது. லாரியிலிருந்து மூட்டை இறக்குபவருக்கும் இடுப்பு வலிக்கிறது. முதலாமவர் எலும்பு மருத்துவரிடம் நேரம் கேட்டுப் போகிறார்; ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார்; மகனைக் கடையில் உட்கார வைத்துவிட்டுப் பத்து நாள் பிசியோதெரபிக்குப் போய் வருகிறார். இரண்டாமவர் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி, டீயோடு விழுங்கிவிட்டு அடுத்த லாரிக்குப் போகிறார்.

வியாபாரிகள் படிக்கும் இதழில் எலும்பு வைத்தியத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. மூட்டு வலி, முதுகு வலிக்கான சிகிச்சையில் ஏழை பணக்காரர் பேதம் ஆஸ்பத்திரி வாசலில்தான் தொடங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். பாதிக்கு மேல் அது நமது கடை வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இது சின்னச் சங்கதி அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. மனிதனை வேலை செய்ய முடியாமல் முடக்கும் காரணங்களில் முதலிடம் அதற்குத்தான். உயிரைப் பறிக்கும் நோய் அல்ல என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கூலிக்காரரின் மூலதனம் முதுகு மட்டுமே. அது போனால் அவர் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

சரி, அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கிறார்களே, அங்கே போகக் கூடாதா? சிகிச்சை இலவசம்தான்; அதற்காகச் செலவாகும் பகல் பொழுது இலவசம் அல்லவே. புறநோயாளிகள் பிரிவு நடப்பது காலையில். மொத்தக் கடைகளில் சரக்கு இறங்குவதும் அதே காலையில்தான். மருத்துவரைப் பார்க்க ஒரு நாள், படம் எடுக்க ஒரு நாள், அதன்பிறகு பிசியோதெரபிக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்று போக வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. நான்கு நாள் வராவிட்டால் அவர் இடத்தில் வேறு ஆள் நிற்பார். அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் அது பெரும்பாலும் படுத்துவிட்டவர்களுக்கு. நம் ஆள் இன்னும் படுக்கவில்லை, வலியோடு நடந்துகொண்டிருக்கிறார்.

ஆகவே மாத்திரை. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறு புண்ணாகும், ரத்தக்கசிவு வரும், சிறுநீரகம் கெடும். வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் உழைக்கும் உடம்புக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். இதைவிட மோசம், ‘உடனே நிற்கும்’ என்று சொல்லி விற்கப்படும் பெயர் தெரியாத பொடிகள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதை நெடுநாள் சாப்பிட்டால் இடுப்பு மூட்டின் எலும்பே ரத்த ஓட்டமின்றிச் செத்துப்போகலாம். நம் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: வலி மாத்திரை அட்டையை மிட்டாய் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிடும் வழக்கம் சில மளிகைக் கடைகளில் இன்னும் இருக்கிறது. டைக்ளோஃபெனாக் மருத்துவர் சீட்டின் பேரில், உரிமம் பெற்ற மருந்துக் கடையில் மட்டுமே விற்க வேண்டிய மருந்து.

இன்னொரு வேடிக்கை. பணம் உள்ளவர் வாங்கும் வைத்தியமெல்லாம் உயர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது. இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் ‘டிராக்‌ஷனும்’ வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்கிறது அது. வேண்டுவது முறையான உடற்பயிற்சியும், நோயைப் பற்றிய விளக்கமும், அன்றாட நடமாட்டத்தை விடாதிருப்பதும். திடீரென்று வரும் சாதாரண முதுகுப் பிடிப்பு பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே குறையும். படுத்தே கிடந்தால்தான் தாமதமாகும். ஆக, கூலிக்காரருக்கு உண்மையில் தேவைப்படுவது விலை உயர்ந்த ஸ்கேன் அல்ல. இரண்டு மூன்று வாரம் கனமில்லாத வேலையும், பிசியோதெரபிக்குப் போய்வரக் கூலி போகாத நேரமும். இவை இரண்டும் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது. கொடுக்கக்கூடியவர் சரக்குக்குச் சொந்தக்காரர்தான்.

(வலியோடு கால் மரத்துப் போனால், கால் பலமிழந்தால், சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனால், காய்ச்சல் இருந்தால், அல்லது விழுந்த பிறகு வலி வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். இதைக் கடையில் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.)

மூட்டையின் எடைக்கு வருவோம். சீனி மூட்டை 100 கிலோ, அரிசி மூட்டை 75 கிலோ என்று வந்த காலம் மூத்த வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே, வயது வந்த ஆண் தொழிலாளி ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகலாகாது என்று பரிந்துரைத்தது. சீனி மூட்டை 50 கிலோவுக்கு இறங்கியது. அரிசியில் நடந்ததுதான் சுவாரசியம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டலங்களுக்கு ஜி.எஸ்.டி. வந்ததும், ஆலைகள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன. வரிக்காக ஒரே மாதத்தில் எடையை மாற்றிக்கொள்ளத் தெரிந்த வியாபாரம் இது. முதுகுக்காகவும் மாற்றிக்கொள்ள முடியும். வெங்காயம், உப்பு, மிளகாய் போன்ற சரக்குகளுக்குக் கொள்முதல் செய்யும்போதே ‘50 கிலோவுக்கு மேல் மூட்டை வேண்டாம்’ என்று சொன்னால் அனுப்புகிறவர் கட்டிக் கொடுப்பார். ஒரு கடை சொன்னால் கேட்கமாட்டார், சங்கம் சொன்னால் கேட்பார்.

கனம் தூக்காத பெண்களின் பாடு தனி. மிளகாய்க் காம்பு கிள்ளுபவர்களும் புளி தட்டுபவர்களும் காலை முதல் மாலை வரை தரையில் குந்தியிருக்கிறார்கள். முழங்கால் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. துணிக்கடை, பாத்திரக் கடைப் பெண்களோ நாள் முழுக்க நிற்கிறார்கள். குதிகால் வலி, காலில் நரம்பு சுருட்டல். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தொடங்கிய விற்பனைப் பெண்களின் ‘உட்காரும் உரிமை’ப் போராட்டத்துக்குப் பிறகு அங்கே 2018ல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வேண்டும் என்பது அதன் சாரம். ஆய்வாளர் வரும் அன்று மட்டும் நாற்காலியை எடுத்துப் போடும் கடைகளும் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை. வாடிக்கையாளருக்கு அது மரியாதைக் குறைவு என்கிறார்கள். முதலாளி உட்கார்ந்திருப்பதை எந்த வாடிக்கையாளர் குறை சொன்னார்?

மூட்டு தேய்ந்து முற்றிவிட்டால் மாற்று அறுவை. வணிகர்களுக்குப் புரியக்கூடிய விஷயம் இதில் ஒன்று உண்டு. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. பெரும்பாலோருக்குப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் மூட்டு அதுவரை சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்றது. விதித்த விலை 54,720 ரூபாயும் வரியும். இறக்குமதியாளர் கையிலிருந்து நோயாளியின் கால் வரை வருவதற்குள் எத்தனை லாபம் ஏறியிருந்திருக்கிறது பாருங்கள்! பருப்பில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் பார்க்க நாம் படும் பாடு நமக்குத் தெரியும்.

விலை இறங்கியதால் நடுத்தரக் குடும்பங்களுக்கு நன்மை. ஏழைக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த அறுவை செய்துகொள்ளலாம். ஆனால் மாற்று மூட்டை வைத்துக்கொண்டு மறுபடி மூட்டை சுமக்கக் கூடாது. நடக்கலாம், கடையில் உட்காரலாம். பழைய தொழில் முடிந்தது. முதலாளிக்கு அறுவை என்றால் மூன்று மாத ஓய்வு. சுமைக்காரருக்கு அறுவை என்றால் வருமானமே வேறு பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் உள்ளவருக்கு நோய்க்காலத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சுமைக்காரரோ மேஸ்திரியின் கீழ் பத்துக் கடைக்கு வேலை செய்கிறவர்; எந்தக் கடைப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை.

அவருக்காகத்தான் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982ல் வந்தது. நலவாரியத்தில் பதிந்தவருக்கு விபத்து உதவி, 60 வயதுக்குப்பின் மாத ஓய்வூதியம் உண்டு. பதிவதற்கு அவர் இந்த வேலைதான் செய்கிறார் என்ற சான்று வேண்டும். ‘கையெழுத்துப் போட்டால் நாளை நம்மையே கேட்பார்களோ’ என்று நம்மவர்கள் பலர் தயங்குகிறார்கள். இருபது வருஷம் நம் சரக்கைச் சுமந்தவரை நமக்குத் தெரியாது என்று சொல்வது எப்படி நியாயமாகும்?

தெருவில் உள்ள கடைகள் சேர்ந்து ஒரு சக்கரத் தள்ளுவண்டியும், லாரிக்கும் கிட்டங்கிக்கும் நடுவே போடச் சாய்வுப் பலகை ஒன்றும் வாங்கிவிடலாம். இறக்கு கூலியைக் குறைக்காமல், என்பதைச் சேர்த்தே சொல்கிறோம். வண்டி வந்ததும் கூலியைக் குறைத்தால் மறுநாள் வண்டி மூலையில் கிடக்கும். காம்பு கிள்ளும் பெண்களுக்கு முக்காலியும் இடுப்பு உயரப் பலகையும் போதும், தச்சரிடம் ஒரு நாள் வேலை. பிசியோதெரபிக்குப் போகிறவரை அந்த நாட்களில் காலைச் சரக்குக்கு அழைக்காமல், மதியத்துக்குமேல் பில் சரிபார்க்கவோ பொட்டலம் கட்டவோ வைத்து அதே கூலியைக் கொடுக்கலாம். நலவாரிய அட்டையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், விட்டால் சலுகை நின்றுபோகும். அந்தத் தேதியை, உரிமம் புதுப்பிக்கும் தேதி எழுதி வைத்திருக்கும் அதே காலண்டரில் குறித்து வையுங்கள்.