அமெரிக்க அசையாச் சொத்தும் வெளிநாட்டு உரிமையாளர்களுக்கான வரித் திட்டமிடலும்

அமெரிக்கக் குடிமகனாகவோ அந்நாட்டின் நிலையான வாசியாகவோ இல்லாத ஒருவர் அங்கு வைத்திருக்கும் வீடு அல்லது மனை, வாடகை பெறும்போதும் விற்கும்போதும் உரிமையாளர் இறக்கும்போதும் அமெரிக்கக் கூட்டரசின் வரிக்கு உட்படும். இவற்றை முன்கூட்டியே கணக்கிட்டு உரிமை முறையைத் தேர்ந்தெடுப்பதே இங்கு வரித் திட்டமிடல் எனப்படுகிறது.

வாடகை

பொது விதிப்படி மொத்த வாடகையில் 30 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படும், செலவுகள் கழிக்கப்படமாட்டா. ஆனால் நிகர வருமானத்துக்கு வரி செலுத்தும் முறையை உரிமையாளர் தேர்ந்தெடுக்கலாம். அப்போது கடன் வட்டி, சொத்து வரி, பழுதுபார்ப்பு, தேய்மானம் (குடியிருப்புக் கட்டடத்துக்கு 27.5 ஆண்டுகள்) ஆகியவற்றைக் கழிக்கலாம். ஆண்டுக் கணக்கை உரிய காலத்தில் தாக்கல் செய்யாதவர் இச்சலுகையை இழக்க நேரிடும்.

விற்பனை

1980ஆம் ஆண்டின் 'பிர்ப்டா' சட்டப்படி, வாங்குபவர் பொதுவாக விலையில் 15 விழுக்காட்டைப் பிடித்து வருவாய்த் துறைக்குச் செலுத்த வேண்டும். இது இலாபத்தின் மீதல்ல, முழு விலையின் மீது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 4,00,000 டாலருக்கு வாங்கிய மனை 5,00,000 டாலருக்கு விற்றால் பிடித்தம் 75,000 டாலர். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த தனிநபருக்கு இலாபத்தின் மீதான கூட்டரசு வரியோ அதிகபட்சம் 20,000 டாலர்தான். மீதியைப் பின்னர் திரும்பப் பெறலாம். அல்லது விற்பனை முடிவதற்குள் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் கோரலாம்.

இறப்பு வரி

பெரும் சுமை இதுவே. வெளிநாட்டவருக்கு விலக்கு 60,000 டாலர் மட்டுமே. அமெரிக்கக் குடிமக்களுக்கு 2026இல் அது 1.5 கோடி டாலர். கடனும் பிற கழிவுகளும் இல்லாத 5,00,000 டாலர் வீட்டை விட்டு ஒருவர் இறந்தால், வரி 1,42,800 டாலர். கையில் பணமில்லாத குடும்பம் அந்த வீட்டையே விற்க வேண்டி வரலாம். கனடா போன்ற சில நாடுகளுக்கு ஒப்பந்தச் சலுகை உண்டு. இந்தியாவுக்கு அத்தகைய இறப்பு வரி ஒப்பந்தம் இல்லை.

இதைத் தவிர்க்கச் சிலர் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரில் வாங்குகின்றனர். அந்நிறுவனப் பங்குகள் அமெரிக்கச் சொத்தாகக் கருதப்படாததால் இறப்பு வரி வராது. ஆனால் இலாபத்துக்கு 21 விழுக்காடு நிறுவன வரியும், அதற்கு மேல் கிளை இலாப வரியும் சேரக்கூடும். விரைவில் விற்க எண்ணும் இளம் உரிமையாளருக்கு இது பெரும்பாலும் நட்டமே.

வாங்கிய பின் முறையை மாற்றுவது கடினம். வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தாலோ கொடை வரி உண்டு; அதில் 60,000 டாலர் விலக்கும் கிடையாது.