நாள அழற்சியும் தொற்று நோய்த் தடுப்பும்

நோய்க் கிருமிகளை எதிர்ப்பதற்கென உடலில் அமைந்துள்ள காவற்படை, சிலரிடத்தில் காரணம் விளங்காமலே சொந்த உடலின் இரத்தக் குழாய்களைத் தாக்கத் தொடங்குகிறது. இதனை நாள அழற்சி என்பர். அழல் என்ற சொல்லிலிருந்து பிறந்த இப்பெயர் பொருத்தமானதே. குழாயின் சுவர் தீப்பட்டாற்போல் வீங்கி, நுரையீரலும் சிறுநீரகமும் பழுதடைகின்றன.

இந்நோயின் கொடிய வகையொன்றைப் பற்றி 1958-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான ஆய்வின்படி, அந்நாளைய நோயாளிகள் சராசரியாக 5 மாதங்களே உயிர் வாழ்ந்தனர். 1970-களில் ஸ்டீராய்டுடன் ஸைக்ளோபாஸ்பமைடு சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. பிற்காலத்தில் ரிட்டுக்ஸிமாப் வந்தது. மரணம் பெரும்பாலும் விலகிற்று. ஆயினும், இம்மருந்துகள் அடக்குவது அதே காவற்படையைத்தானே! சிகிச்சையின் முதல் ஆண்டில் மூல நோயினால் மாள்வோரைக் காட்டிலும் தொற்றினால் மாள்வோர் மிகுதி என்பதை நேயர்கள் கருதுதல் வேண்டும்.

நலமுள்ளோருக்குத் தீங்கு செய்யாத நியூமோஸிஸ்டிஸ் என்னும் பூஞ்சை, இவர்களுடைய நுரையீரலில் புகுந்து உயிரையே வாங்கிவிடும். கோ-ட்ரைமாக்ஸஸோல் என்னும் எளிய, விலை மலிந்த மாத்திரை அதனைத் தடுக்கிறது. சல்பா மருந்து ஒவ்வாதவருக்கு வேறு மருந்துகள் உண்டு. நம் நாட்டில் காசநோய்க் கிருமி பலருடைய உடலில் உறங்கிக் கிடப்பதால், சிகிச்சைக்கு முன்பே அதற்கான சோதனை அவசியமாகிறது. ரிட்டுக்ஸிமாப் கொடுக்குமுன் ஹெப்படைட்டிஸ் பி சோதனையையும் தவிர்க்கலாகாது. அடங்கியிருந்த அந்த வைரஸ் மீண்டும் தலைதூக்கிக் கல்லீரலை அழித்ததுண்டு.

இன்ஃபுளுயன்ஸா, நிமோனியா ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளை, இயலுமாயின் ரிட்டுக்ஸிமாப்புக்கு முன்னரே போட்டுக்கொள்வது நலம். எதிர்ப்பொருளை ஆக்கும் அணுக்களின் பிறப்பிடத்தையே அது அழித்துவிடுவதால், பின்னர் இடும் ஊசி பல மாதங்கள் வரை பாறையில் விதைத்த விதையாகும். உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகள் சிகிச்சைக் காலத்தில் ஆகா. ஆனால் சிறுநீரகம் அழிந்துகொண்டிருக்கையில் ஊசிக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பேதைமை.

704 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2020-இல் வெளியான ஆய்வு, ஸ்டீராய்டின் அளவை விரைந்து குறைத்தாலும் பலன் குன்றுவதில்லை, முதல் ஆண்டில் கடுமையான தொற்றுகளும் குறைகின்றன என்று காட்டிற்று. பல நாள் அதிக அளவில் கொடுப்பதே பத்திரம் என்ற பழைய எண்ணம் இதனால் ஆட்டங்கண்டது.

அளவைக் குறைக்கும் பொறுப்பு மருத்துவருடையது. ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்க வல்லதாகையால், இலேசான காய்ச்சலோ இருமலோ கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். அஞ்சி மாத்திரையைத் திடீரென நிறுத்துவோரும் உளர். உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு பல மாத உபயோகத்தால் ஒடுங்கியிருக்கும். அந்நிலையில் நிறுத்தினால், தொற்றைத் தாங்கும் வலிவின்றி நோயாளி மயங்கி விழவும் கூடும்.