உத்தியோகம் மாறிய இருவர்

கணக்கு வாத்தியாரைப் புத்தகங்களுக்குக் காவல் வைத்தால் அவர் மனம் பொருந்துமா? சென்னை ராஜதானிக் கலாசாலையில் கணிதம் போதித்த எஸ். ஆர். ரங்கநாதனுக்கு முதலில் பொருந்தவேயில்லை. 1924-இல் சர்வகலாசாலை நூலகரான சில நாட்களிலேயே, பழைய வகுப்பறைக்குத் திரும்பிவிடத் துடித்தார். லண்டனுக்குச் சென்று, அங்கே நூலகங்கள் சாமானிய ஜனங்களுக்குத் தொண்டு புரிவதைக் கண்ட பின்பே அவர் மனம் மாறிற்று. 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகரைத் தேடித் தரவேண்டும் என்பது.

மீஞ்சூர்வாசியான எனக்கு, எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களைக் காணும்போதெல்லாம் அ. மாதவையாவின் நினைவு வரும். வெள்ளையர் காலத்து உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, 1898-இல் ‘பத்மாவதி சரித்திரம்’ என்ற நாவலை அளித்தவர் அவர். பெண் கல்வியின் மேன்மையை அக்காலத்திலேயே கதையில் வைத்துப் பேசினார். பின்னர் உத்தியோகத்தை விட்டு, அதே 1924-இல் ‘பஞ்சாமிர்தம்’ பத்திரிகையைத் தொடங்கினார்.

ஒருவர் எழுதி வைத்தார். மற்றவர் அதை வாசகரிடம் சேர்க்க வழி வகுத்தார். எஞ்சியது நம் பங்கு. அடுத்த விடுமுறை நாளில் குழந்தைகளை ஊர் நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தப் பழைய நாவலைக் கேட்டு வாங்கி, வீட்டில் உரக்கப் படியுங்கள். அதற்குரிய வாசகர் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும்!