கம்பியின்றித் தீயிடுதல்



எங்கள் ஊர்க் கோயிலிலே கொடியேறிவிட்டால், சிறுவர்களாகிய எங்களுக்குச் சுவாமியைக் காட்டிலும் வாணக்காரர் மீதே கண் இருக்கும். அவர் முதியவர், மெலிந்த உடல், அரையிலே மடித்துக் கட்டிய வேட்டி, இடக்கையிலே புகைந்துகொண்டிருக்கும் கயிற்றுத் துண்டு. வெளிவீதியின் மூலையொன்றில் நின்று அவர் திரியைத் தொட்டுவிட்டு நாலைந்து அடி பின்வாங்குவார். அடுத்த கணம் வானம் வெளிச்சமாகிவிடும். அவருடைய வலக்கையில் பெருவிரலும் சிறுவிரலும் மாத்திரமே எஞ்சியிருந்தன என்பதை, ஒருநாள் அவர் எனக்குக் கற்கண்டு தந்தபோதுதான் கவனித்தேன். ஏன் என்று கேட்டேன். "திரி குறுகிப் போச்சுது, தம்பி" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தத் திரியைப் பற்றியதே. திரியின் அருகே கையைக் கொண்டுபோகாமல், தொலைவில் நின்று, கம்பியும் இன்றி, வாணத்துக்குத் தீயிடும் கருவிகள் இக்காலத்தில் கடைகளில் விற்பனையாகின்றன. நான் கலைப் பட்டதாரி. மின்சாரவியல் என் பாடமன்று. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வாழும் என் இளைய சகோதரனுடைய வீட்டில் ஜூலை மாதத்தைக் கழிக்க நேர்ந்தபோது, அவன் இத்தகைய கருவியொன்றை முதன்முதலாகக் கையாண்டதை அருகிலிருந்து பார்த்தேன். பார்த்ததையும் பின்னர் விசாரித்தும் படித்தும் அறிந்ததையும் சொல்லுகிறேன்.

ஜூலை 4 அமெரிக்கர்களுடைய சுதந்திர நாள். 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தை நினைவுகூரும் அந்நாளில் நகரசபைகள் நடத்தும் பெரிய வாணவேடிக்கைகளோடு அமையாமல், பல மாநிலங்களில் குடிமக்களும் தத்தம் வீட்டு முற்றங்களில் வாணம் விடுகிறார்கள். அவர்களுக்கென விற்கப்படும் வாணங்களுக்கு மத்திய அரசாங்கம் வரம்பு விதித்திருக்கிறது. அவ்விதிகளுள் ஒன்று என் மனத்தைப் பற்றிக்கொண்டது. திரி பற்றவைத்த பின் 3 விநாடிக்குக் குறையாமலும் 9 விநாடிக்கு மேற்படாமலும் எரியவேண்டுமாம். அதாவது, தீயிட்டவன் திரும்பி ஓடுவதற்குச் சட்டம் தரும் அவகாசம் ஆகக் குறைந்தது 3 விநாடி. நல்ல பகலில், காலில் எதுவும் தடக்காமல் ஓடுகிற இளைஞனுக்கு அது போதும். இருளிலே, புகையிலே, பிள்ளைகள் கூச்சலிடும் வேளையிலே போதுமா? 2024ஆம் ஆண்டில் அந்நாட்டில் வாண விபத்துக்களால் 11 பேர் இறந்தனர் என்றும், ஏறத்தாழ 14,700 பேர் சிகிச்சை பெறும்படி காயமுற்றனர் என்றும் நுகர்வோர் பாதுகாப்புக்கான மத்திய ஆணைக்குழு கணக்கிட்டது. காயங்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கைகளிலும் விரல்களிலும் ஏற்பட்டவை. எங்கள் வாணக்காரரின் கையை நான் நினைத்துக்கொண்டேன்.

கம்பியின்றி வெடிமருந்துக்குத் தீயிடுதல் புதிய விந்தையன்று. நீங்கள் இப்பொழுது கேட்டுக்கொண்டிருக்கும் வானொலியோடு உடன்பிறந்த வித்தை அது. 1890இல் பிரான்சு தேசத்துப் பிரான்லி என்பவர், கண்ணாடிக் குழாயிலே தளர்வாக இட்ட உலோகத் தூள், அருகே மின்பொறி எழுந்ததும் மின்னோட்டத்துக்கு வழிவிடுகின்றது என்று காட்டினார். அலை வந்து தொட்டதும் திறக்கும் கதவு என்று அதனைக் கொள்ளலாம். சில ஆண்டுகள் கழித்து, 1890களின் நடுப்பகுதியில், கல்கத்தா நகர மண்டபத்திலே பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ் பொதுமக்கள் முன்னிலையில் மின்காந்த அலைகளை அனுப்பி, கம்பித் தொடர்பு எதுவுமின்றி, அப்பாலிருந்த மணியொன்றை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். கம்பியில்லாத் தந்தி கடல்களைக் கடப்பதற்கு முன்பே கம்பியில்லாத் தீ ஒரு மண்டபத்தைக் கடந்துவிட்டது.

இனி, கருவிக்கு வருவோம். அதில் மூன்று உறுப்புக்கள் உண்டு: கையிலே வைத்திருக்கும் செலுத்தி, வாணங்களின் அருகே வைக்கப்படும் வாங்கி, திரியோடு பொருந்தும் பற்றவைப்பி. செலுத்தியிலே இலக்கமிட்ட பொத்தான்கள் இருக்கின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால், அதற்குரிய குறியீட்டைத் தாங்கிய வானொலி அலை செல்லும். மலிவான கருவிகள் பல 433 மெகாஹேர்ட்ஸ் மீடிறனை ஒட்டி இயங்குகின்றன. வாங்கி அக்குறியீட்டை இனங்கண்டு, தன்னுள்ளிருக்கும் மின்கலங்களின் ஓட்டத்தை உரிய இணைப்புக்குள் விடும். 4, 12, 18 என இணைப்புக்களின் தொகை கருவிக்குக் கருவி வேறுபடும்.

பற்றவைப்பியிலே இரண்டு வகை. தொழில்முறையினர் கையாள்வது, மெல்லிய கம்பியொன்றின் நுனியிலே எளிதில் தீப்பற்றும் மருந்து பூசப்பட்ட மின்தீக்குச்சி. ஓட்டம் பாய்ந்த கணத்திலேயே அது சீறும். அமெரிக்காவில் அதனை வெடிபொருளாகக் கருதி, மத்திய அரசின் அனுமதி பெற்றவருக்கே கொடுக்கிறார்கள். மற்றையதில் மருந்து எதுவும் இல்லை. துணி உலர்த்தும் கவ்வியைப் போன்ற சிறு பிளாஸ்திக்குக் கவ்வி. அதன் வாயிலே நிக்குரோம் கம்பி. திரியைக் கவ்வச் செய்துவிட்டால், ஓட்டம் பாய்ந்ததும் கம்பி செந்தணலாகித் திரியை எரிக்கும். எங்கள் வீட்டு மின்சூட்டடுப்பின் சுருளில் நிகழ்வதும் இதுவே. ஓரிரு விநாடி தாமதம் உண்டு. அதன் பின் திரி எரியும் நேரமும் உண்டு. இசைத் தாளத்துக்கு இணங்க வாணம் விட விரும்புவோர் இத்தாமதத்தைக் குறைகூறுவர். புதிதாகத் தொடங்குகிறவனுக்கு இதுவே தக்கது என்பது என் கருத்து. மருந்து பூசிய நுனி, நசுங்கினாலோ உராய்ந்தாலோ கையிலேயே பற்றக்கூடியது. வெறும் கம்பி அப்படியன்று.

என் சகோதரன் ஆறு வாணப்பெட்டிகளோடு தொடங்கினான். பல குழாய்களை ஒன்றாக ஒட்டி, ஒரே திரியால் ஒன்றன்பின் ஒன்றாக எழும்படி செய்யப்பட்ட பெட்டிகள் அவை. பெரியனவற்றில் 500 கிராம் வரை மருந்து அடங்கலாம். அவற்றை வெறும் புல்லில் வைக்கக்கூடாது. பலகையிலே பொருத்தி, இருபுறமும் செங்கல் அண்டைகொடுத்து நிறுத்தவேண்டும். 2013 ஜூலை 4 அன்று கலிபோர்னியாவில் சிமி வலி என்னும் நகரத்திலே, உரிய நேரத்துக்கு முன் வெடித்த குண்டொன்று குழாய்களைச் சாய்த்துவிட, அடுத்தவை மக்கள் கூட்டத்தை நோக்கிப் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோரைக் காயப்படுத்தின. தீயிட்டவர்கள் தேர்ந்த தொழிலாளர்கள், தொலைவிலேயே நின்றார்கள். எனினும் குழாய் சாய்ந்த பின் செலுத்தி எதனைச் செய்ய முடியும்?

பகல் வெளிச்சத்திலேயே, வாணம் எதனையும் இணைக்காமல், செலுத்தியும் வாங்கியும் ஒன்றையொன்று அறிகின்றனவா என்று, உண்மையில் நிற்கப்போகும் இடத்திலிருந்தே சோதித்துப் பார்த்தோம். பெட்டியிலே அச்சிட்டிருக்கும் தூரக்கணக்கு திறந்த வெளிக்குரியது. மரமும் மதிலும் மனித உடலும் அதனைக் குறைக்கும். இதிலே சிறிய வேடிக்கையொன்று நடந்தது. பனியில் நனையாதிருக்க என் சகோதரன் வாங்கியை அலுமினியத் தாளால் அழகாகச் சுற்றிவைத்தான். பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் விளக்கு எரியவில்லை. உலோகத் தாள் வானொலி அலையை மறிக்கும் என்பதைப் பொறியியல் படித்தவனுக்குக் கலைப் பட்டதாரி நினைவூட்டவேண்டியதாயிற்று! பின்னர் பொலித்தீன் பையொன்றில் இட்டு, நிலத்தில் வையாமல் மரப்பெட்டியொன்றின் மேல் ஏற்றிவைத்தோம். அயலவர்களும் அன்றிரவு அதே வகைக் கருவியை வைத்திருக்கலாம். ஆகையால் கருவியின் குறியீட்டைத் தனக்கென மாற்றிக்கொள்வதும் தவிர்க்கக்கூடாத வேலை. பக்கத்து வீட்டுச் சிறுவன் தன் பொத்தானை அழுத்த, உங்கள் முற்றத்து வாணம் எழுந்தால் என்ன செய்வீர்கள்?

வாங்கியிலே இன்னொரு வசதி உண்டு. பற்றவைப்பியை இணைத்ததும், அதனைச் சூடேற்றாத அளவுக்கு மிகச் சிறிய ஓட்டத்தை அனுப்பி, சுற்று முழுமையானதா என்று பார்த்து விளக்கேற்றிக் காட்டும். விளக்கு எரிந்தால் கம்பி அறுந்திருக்கவில்லை என்பதே பொருள். வாணம் எழும் என்பதற்கு அது உறுதியன்று.

அந்த விளக்குத்தான் அன்று எங்களை ஆபத்தின் வாயில்வரை கொண்டுபோனது. இருட்டிவிட்டது. அயலவர்கள் நாற்காலிகளோடு வந்து அமர்ந்துவிட்டார்கள். என் சகோதரன் வாங்கியின் ஆளியைத் திறந்து, செலுத்தியிலே சாவியைத் திருப்பி ஆயத்தநிலையில் வைத்தான். ஆறு விளக்குகளில் நான்காவது எரியவில்லை. இணைப்புத் தளர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே, செலுத்தியை என்னருகே மேசையில் வைத்துவிட்டு வாணங்களை நோக்கி நடந்தான். குனிந்து, முகம் குழாய்களுக்கு மேலே இருக்க, கம்பியை அழுத்தத் தொடங்கினான். மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய மகள், வயது ஐந்து, சிவப்பு விளக்கு மின்னும் அந்தப் பொருளை எட்டிப் பார்த்தாள். நான் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பொருளை உணரவில்லை. உணர்ந்தவர் அயல்வீட்டு முதியவர் ஒருவர். சுண்ணாம்புக்கல் அகழும் இடத்தில் பாறைகளுக்கு வெடிவைக்கும் தொழில் செய்து ஓய்வுபெற்றவர். அவர் எழுந்து, செலுத்தியைத் தம் கைக்குள் எடுத்து, சாவியைப் பிடுங்கினார். பின்பு, "பின்னே வா!" என்று ஒரு சத்தம் போட்டார். கொண்டாட்டமெல்லாம் ஒரு கணம் அடங்கிவிட்டது.

அவர் எங்களுக்குச் சொன்ன விதி மிக எளியது. பாறைக்கு வெடிவைப்போர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொள்வது. வெடியை நோக்கிப் போகிறவனுடைய சட்டைப்பையிலேயே தீயிடும் கருவியின் சாவியும் போகவேண்டும். அவன் திரும்பிவந்து, எல்லாரும் விலகி நிற்கிறார்களா என்று எண்ணிப் பார்த்த பின்னரே சாவி அதன் துவாரத்தைக் காணலாம். வாங்கியின் ஆளியைத் திறப்பது களத்திலே செய்யும் கடைசி வேலை. திரும்பவும் அங்கே போனால் முதலில் செய்யவேண்டியது அதனை மூடுவது. அப்பொழுதும் வாணத்தின் மேலாகக் குனியாமல், பக்கத்திலிருந்தே கையை நீட்டவேண்டும். தீக்குச்சியால் பற்றவைக்கிறவன் தன் ஆபத்தைத் தன் கண்ணாலேயே காண்கிறான். பொத்தானால் பற்றவைக்கும்போதோ தீ ஓரிடம், கை ஓரிடம், சிந்தை மற்றோரிடம். கருவி நமக்குத் தந்த தொலைவை, நாமே நடந்து சென்று இழந்துவிடுகிறோம்.

எந்திரமும் தன்பாட்டில் தவறக்கூடியதே. 2012 ஜூலை 4 அன்று சான் டியேகோ துறைமுகத்தில் சுமார் 18 நிமிடம் நடக்கவேண்டிய வாணவேடிக்கை, கணினிக் கட்டளைக் கோப்பில் நேர்ந்த பிழையால், ஏறத்தாழ 15 விநாடியில் முழுவதும் எழுந்து முடிந்துவிட்டது. அதற்கு முந்திய ஆண்டில் ஸ்கொட்லாந்தின் ஓபன் நகரத்திலும் இவ்வாறே ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் எரிந்தன. இவ்விரு இடங்களிலும் மக்கள் தொலைவில் இருந்தமையால் சிரிப்போடு முடிந்தது. ஆகவே, எல்லாம் ஒருங்கே எழுந்தாலும் எவருக்கும் கேடு வராத தூரம் எதுவோ, அதுவே இருக்கைகளை வைப்பதற்குரிய தூரம். விடாத வாணங்களையும் களத்தருகே குவித்துவைக்கலாகாது. 2016 ஏப்ரலில் கேரளத்தின் பரவூரில் புற்றிங்கல் கோயிலிலே நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டது, எரியும் வாணமொன்றின் பொறி சேமிப்பறையில் வீழ்ந்ததால்தான். அதனை எந்தச் செலுத்தியும் தடுத்திராது.

நம் நாட்டில் வாணங்களைச் செய்வதும் விற்பதும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டத்துக்கு உட்பட்டவை. வானொலி அலையைச் செலுத்தும் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் "ஒன்று வாங்கி வா" என்று சொல்ல எண்ணியிருக்கும் கோயில் தருமகர்த்தாக்கள், முதலில் இவ்விரண்டு இடங்களிலும் விசாரிப்பது நன்று.

அன்றிரவு ஐந்து வாணங்கள் எழுந்தன. ஐந்தும் அழகாகவே இருந்தன என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான்காவது, விளக்கு எரிந்தும், எழவில்லை. முதியவர் சாவியைத் தம் பையில் இட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். 20 நிமிடம் எவரும் அசையவில்லை. பிறகு தோட்டக் குழாயால் தொலைவிலிருந்தே நீர் பாய்ச்சி, அதை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி விடியும்வரை வைத்தோம். காலையில் என் சகோதரன் அதை எடுத்துக் காட்டினான். கவ்வி தன் வேலையைச் செய்திருந்தது. திரி அரை அங்குலம் கறுத்து, பெட்டிக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னே நின்றிருந்தது.